சுவான் வேலியில் ருசி பார்த்துவிட்டு வெறுங்கையோடு வரலாமா?

கேள்வி, 5 ஜூலை 2025, மாலை

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் பெர்த் போகிறோம். நானும் மனைவியும், கூட மாமனார் மாமியார். மாமனாருக்கு ஒரே ஆசைதான், பக்கத்தில் சுவான் வேலியில் ஒயின் செய்யும் இடம் ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்கும் பெரிய இடம் வேண்டாம், ஒரு குடும்பம் நடத்துகிற சின்னத் தோட்டம் போதும். எனக்கு ஒயினைப் பற்றி அ, ஆ கூடத் தெரியாது. ருசி பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தால் தப்பாக நினைப்பார்களா? வாங்கினால் சாங்கி விமான நிலையம் வழியாகச் சிங்கப்பூருக்குள் எத்தனை போத்தல் கொண்டுவரலாம்? மாமியார் சுத்த சைவம், குடிக்கவும் மாட்டார். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில், 5 ஜூலை, இரவு 10.15

போன மாதம்தான் போய் வந்தேன், சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போங்கள். பணப்பையைக் காரில் விட்டுவிட்டுப் போங்கள்.

தேக்காவில் சேலைக்கடைக்குப் போயிருப்பீர்கள். "சும்மா பாருங்கம்மா" என்று உட்கார வைத்து, நாற்பது சேலையைப் பிரித்துப் போட்டு, நடுவில் ஒரு டீயும் கொடுத்துவிட்டால் எழுந்து வர முடியுமா? அதே கதைதான். என்ன, இங்கே டீக்குப் பதில் சரக்கையே ஊற்றுகிறார்கள். ஒன்றிரண்டு வாங்கலாம் என்று போனவன் ஐந்து போத்தலோடு வந்தேன். அதில் மூன்று எனக்குப் பிடிக்காதவை.

6 ஜூலை, காலை

ராத்திரி கடுப்பில் எழுதியது. "பிடிக்காதவை" என்பது கொஞ்சம் அதிகம். முழுக்கதையையும் சொல்கிறேன்.

சுவான் வேலி பெர்த் நகரிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். மேற்கு ஆஸ்திரேலியாவிலேயே மிகப் பழைய ஒயின் வட்டாரம். 1829இல் அங்கே குடியேற்றம் தொடங்கிய கையோடு கொடி நட்டுவிட்டார்கள். அப்புறம் இருபதாம் நூற்றாண்டில் குரோவேஷியப் பக்கத்திலிருந்து பல குடும்பங்கள் வந்து நிலம் வாங்கித் திராட்சை போட்டன. இன்றைக்கும் 'இச்' என்று முடிகிற குடும்பப் பெயர்களைப் பலகைகளில் பார்க்கலாம். நாங்கள் போனதும் அப்படி ஒரு குடும்பத்தின் இடம்தான். எந்தக் குடும்பம் என்று சொல்லமாட்டேன். நேற்று எழுதியதற்கு அப்புறம் சொன்னால் நன்றாக இருக்காது.

ஜூன் மாதம் அங்கே குளிர்காலம் என்பது தெரியும், ஆனால் மூளையில் ஏறவில்லை. குலை குலையாகத் திராட்சை தொங்கும், பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று கற்பனை செய்துகொண்டு போனேன். இறங்கிப் பார்த்தால் ஏக்கர் கணக்கில் காய்ந்த குச்சி. முருங்கையைக் கழித்து மொட்டையாக விட்டதுபோல் இருந்தது. குளிரில் கொடி தூங்கும், அப்போதுதான் கவாத்து செய்வார்கள். அறுவடை பார்க்க வேண்டுமென்றால் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை போக வேண்டும்.

சுவைக்கூடத்தை அங்கே 'செல்லார் டோர்' என்கிறார்கள். பேரைக் கேட்டுப் பாதாள அறை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைக் கொட்டகை, நீளமான மர மேடை, மேசைக்குப் பதில் கவிழ்த்த பீப்பாய், வாசலில் எழுந்திருக்க மனமில்லாத ஒரு நாய். ஊற்றிக் கொடுத்தது எழுபது தாண்டிய ஒரு பாட்டி. மகன் தோட்டத்தில் கவாத்து செய்துகொண்டிருந்தவர், கத்தரிக்கோலோடு உள்ளே வந்து கை கழுவிவிட்டு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அட்டை இயந்திரத்தைப் பேத்தி பார்த்துக்கொண்டாள். ஆளுக்குப் பத்து ஆஸ்திரேலிய டாலர் கட்டணம், வாங்கினால் கழித்துக்கொள்வார்கள்.

ஏழு வகை. முதலில் வெள்ளை, அப்புறம் சிவப்பு, கடைசியில் இனிப்பு. பாட்டி என் மனைவியைப் பார்த்து, வீட்டில் என்ன சமைப்பாய் என்று கேட்டார். மீன் குழம்பு என்றாள். அதில் என்ன போடுவாய்? புளி, மிளகாய், தேங்காய்ப்பால் என்று ஒரு பட்டியல் கொடுத்தாள். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு வரிசையில் இரண்டைத் தாண்டி வெர்டெல்லோ என்ற வெள்ளையை ஊற்றினார். என் மனைவி குடிப்பவள் இல்லை. ஒரு மிடறு விட்டுப் பார்த்தவள் "கொய்யாப்பழ வாசனை" என்றாள். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் பாட்டி மேடையில் ஒரு தட்டு தட்டினார். அந்தத் தட்டோடு எங்கள் கதை முடிந்தது.

அடுத்து ஷிராஸ் என்ற சிவப்பு. ஊற்றும்போதே ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். அதோ அந்த வரிசைகள் என் வீட்டுக்காரர் நட்டது, அவர் இப்போது இல்லை. சொல்லுங்கள், அப்புறம் எந்த மகனால் வாங்காமல் வர முடியும்? போத்தல் 40 டாலர், மூன்று எடுத்தேன். வெர்டெல்லோ ஒன்று, செனின் பிளாங் என்ற இன்னொரு வெள்ளை ஒன்று. மொத்தம் ஐந்து.

எனக்கு நிஜமாகவே பிடித்தது கடைசியாகச் சின்னக் கிளாஸில் வந்த பழுப்பு நிற இனிப்பு மஸ்கட். நாக்கில் வைத்ததும் கருப்பட்டி, பேரீச்சம்பழம், கொஞ்சம் கமலாத்தோல். நொதிக்கும்போது பாதியில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்களாம், அதனால் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். மதுவின் அளவு 18 சதவீதம் பக்கம். அதை வாங்கவில்லை. ஏன்? கிளம்புவதற்கு முன் நண்பர் ஒருவர், "இனிப்பு ஒயின் எல்லாம் ஒயின் தெரியாதவன் குடிப்பதுடா" என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு அவர் வந்தால் என்ன நினைப்பார்?

6 ஜூலை, இரவு

வரி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் 48 மணி நேரமாவது இருந்துவிட்டு, 18 வயது நிறைந்தவர், மலேசியா அல்லாத இடத்திலிருந்து வந்தால் ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர் வரியில்லாமல் கொண்டுவரலாம். இரண்டையும் ஒயினாகவே கொண்டுவரலாம். அல்லது ஒரு லிட்டர் ஒயின், ஒரு லிட்டர் சாராய வகை என்று பிரித்துக்கொள்ளலாம். முன்பு 3 லிட்டராக இருந்ததை 2019 ஏப்ரலில் குறைத்துவிட்டார்கள். ஜோகூரில் சித்தப்பா வீட்டில் ரெண்டு நாள் தங்கிவிட்டு அங்கிருந்து நான்கு போத்தலோடு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக வரலாம் என்று யோசிப்பவர்கள் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நாங்கள் இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு போத்தல். ஐந்தாவதை எடுத்துக்கொண்டு சுங்கத்தில் வரி கட்டுபவர்கள் போகும் சிவப்பு வழிக்குப் போனோம். 15 சிங்கப்பூர் வெள்ளி கட்டியதாக ஞாபகம்.

7 ஜூலை

ரசீது கிடைத்தது. 15 இல்லை, 13 வெள்ளி 13 காசு. கணக்கு இப்படி. ஒயினுக்குக் கலால் வரி அதில் இருக்கும் தூய மதுவுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி. முக்கால் லிட்டர் போத்தல், 14 சதவீதம் என்றால் 9 வெள்ளி 24 காசு. அப்புறம் போத்தலின் விலை (நம் காசில் 34 வெள்ளி), அந்த வரி, இரண்டையும் கூட்டி அதற்கு மேல் 9 சதவீதம் பொருள் சேவை வரி. பயணிகளுக்குப் பொருள் சேவை வரியில் 500 வெள்ளி வரை சலுகை இருக்கிறதே என்று அங்கே நானும் வாயைத் திறந்தேன். மதுவுக்கு அது கிடையாது என்று அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

இதில் ஒரு வேடிக்கை. வரி மதுவின் அளவுக்குத்தான், விலைக்கு இல்லை. பத்து வெள்ளி ஒயினுக்கும் இருநூறு வெள்ளி ஒயினுக்கும் கலால் ஒரே 9 வெள்ளி சொச்சம். அதனால்தான் இங்கே பேரங்காடியில் மலிவு ஒயின் என்று ஒன்றைத் தேடினால் கிடைப்பதில்லை. அடிவிலையே வரிதான்.

ரெண்டு போத்தல் ஒன்றரை லிட்டர், மீதி அரை லிட்டர் வீண் என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். 375 மில்லி அரைப் போத்தல் என்று ஒன்று இருக்கிறது. அந்த மஸ்கட் அதில்தான் வந்தது. ஆமாம், எனக்கும் இப்போதுதான் உறைக்கிறது.

9 ஜூலை

யார் கார் ஓட்டுவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இங்கே வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. அங்கே 50தான். ஒரு ஊற்று 30 மில்லி என்று வைத்தால் ஏழு ஊற்று 210 மில்லி. அதில் 22 கிராம் மது, அவர்கள் கணக்கில் இரண்டு குவளைக்கு மேல். ஒரே இடத்தில்! அடுத்த தோட்டத்துக்கும் போனால் எங்கே நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நான்தான் ஓட்டினேன். மூன்றாவது கிளாஸுக்கு அப்புறம்தான் அது ஞாபகம் வந்து துப்ப ஆரம்பித்தேன். மேடையில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சமே வேண்டாம். எங்கள் தாத்தா வீட்டில் வெற்றிலைக்குப் படிக்கம் வைத்திருப்பார், தூரத்திலிருந்தே குறி தவறாமல் துப்புவார். அந்தத் திறமை எனக்கு வரவில்லை. பாதி சட்டையில்.

12 ஜூலை

"ஒயின் தெரியாது" என்று எழுதியிருந்தீர்களே, தம்பி, அதைப் பற்றி.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி நின்றார்கள். பாட்டி ஷிராஸ் ஊற்றி, டானின் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்த ஆள் உதட்டைச் சப்பினார், காய்ந்துபோகிற மாதிரி என்றார், டீத்தூள் மாதிரி என்றார், சொல் கிடைக்காமல் தவித்தார். என் மனைவி என் காதில் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்: துவர்ப்பு. வாழைப்பூவை ஆய்ந்தவர்களுக்கும், சின்ன வயதில் நாவல்பழம் தின்று நாக்கை நீட்டிக் காட்டியவர்களுக்கும், கொட்டைப்பாக்கு மென்றவர்களுக்கும் டானின் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுசுவையில் ஒன்றாக வைத்துச் சாப்பிட்டவர்கள் நாம்.

பழத்தின் பெயர்களைக் கேட்டுத்தான் பயப்படுகிறோம். பிளாக்கரண்ட், பேரிக்காய், சீமை நெல்லிக்காய் என்று அட்டையில் போட்டிருக்கும். அவர்கள் தின்று வளர்ந்ததை அவர்கள் எழுதுகிறார்கள். நீங்கள் தின்றதை நீங்கள் சொல்லுங்கள். செனின் பிளாங் எனக்குப் பச்சை மாங்காயில் தேன் தொட்ட மாதிரி இருந்தது. ஷிராஸில் மிளகு இருந்தது, சத்தியமாக மிளகு. ரசம் கொதிக்கும்போது வருமே, அது. சொன்னேன், பாட்டி தலையாட்டினார்.

கிளாஸைச் சுழற்றினால் ஓரத்தில் கண்ணீர் மாதிரி வழியும். அதைப் பார்த்து நல்ல ஒயின் என்று தலையை ஆட்டாதீர்கள், நான் ஆட்டினேன். மது ஆவியாகும்போது நடக்கிற வேலை அது, எவ்வளவு மது இருக்கிறது என்பதற்குத்தான் ஓரளவு அடையாளம். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஷிராஸ் திராட்சை ஈரானிலிருந்து வந்த வகை, அங்கே அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. இதையும் தெரிந்துகொண்டு போனால் பேசப் பயன்படும்.

13 ஜூலை

பேசப் பயன்படாது. ஈரான் கதை தப்பு. ஒரு வாசகர் விளக்கியிருக்கிறார், சரிபார்த்தேன். ஷிராஸ் நகரம் உண்டு, ஆனால் இந்தத் திராட்சைக்கும் அதற்கும் உறவில்லை. 1990களின் கடைசியில் மரபணுச் சோதனை செய்து பார்த்ததில் தாய் மொந்தேஸ் பிளான்ஷ், தந்தை துரேசா, இரண்டும் பிரான்சின் தென்கிழக்குப் பக்கம். நான் அங்கே பாட்டியிடமும் ஈரான் கதையைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. வாடிக்கையாளர் ஆயிற்றே.

அதே வாசகர், ஒயினுக்கும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு போடு போட்டிருக்கிறார். 1945இல் தொல்லியலாளர் வீலர் புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தனவே, ஐயா. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இறக்குமதி செய்தவர்கள் நாம். எத்தனை லிட்டர் சலுகை கொடுத்தார்களோ.

20 ஜூலை

முதல் ஷிராஸைத் திறந்தோம். நண்பர் (இனிப்பு ஒயின் நண்பரேதான்) வந்திருந்தார். ஆட்டுக்கறிப் பிரட்டல். ஒயின் புத்தகங்களில் சிவப்பை அறை வெப்பத்தில் குடி என்று போட்டிருக்கும், அதன்படி அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினேன்.

தட்டையாக இருந்தது. மிளகும் இல்லை, ஒன்றும் இல்லை. சாராய நெடி மட்டும் மூக்கில் ஏறியது, கறியின் காரத்தோடு சேர்ந்து தொண்டை எரிந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது கிளாஸை வேண்டாம் என்றார்.

முதல் நாள் எழுதியதைத் திரும்ப எழுதுகிறேன். அந்தக் கொட்டகை, அந்த நாய், அந்த ஜன்னல், செத்துப்போன தாத்தா, இதெல்லாம் சேர்ந்துதான் அங்கே ருசித்தது. போத்தலில் அதை அடைத்துத் தர முடியாது. ஏமாந்தேன்.

21 ஜூலை

ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "உங்கள் வீட்டு அறை எத்தனை டிகிரி?"

சுவரில் கடிகாரத்தோடு ஒரு வெப்பமானி இருக்கிறது. பார்த்தேன். 30.

2 ஆகஸ்ட்

அந்த அக்காவுக்கு ஒரு கும்பிடு. அறை வெப்பம் என்று எழுதியவன் வாழ்ந்தது பழைய ஐரோப்பியக் கல் வீட்டில். அவன் அறை பதினேழு பதினெட்டு டிகிரி. செங்காங்கில் பத்தாவது மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல், அது என் அறை. முப்பது டிகிரியில் மதுதான் முதலில் எழும்பும், பழமும் மிளகும் அதற்குள் மூழ்கிவிடும்.

இரண்டாவது போத்தலைக் குளிர்பதனப் பெட்டிக்குள் அரை மணி நேரம் வைத்து எடுத்தேன். உறையும் அளவுக்கு வேண்டாம், தொட்டால் சில்லென்று தெரிந்தால் போதும். மிளகு வந்துவிட்டது! ஜூன் மாதம் அந்தக் கொட்டகையே குளிர்பதனப் பெட்டி மாதிரிதானே இருந்தது. பாட்டியின் மேல் தப்பில்லை. என் மேல்தான்.

காரத்துக்கும் ஒரு வார்த்தை. சிவப்பின் மதுவும் துவர்ப்பும் மிளகாயை இன்னும் தூக்கிவிடும். பிரட்டலில் காரத்தைக் குறைத்து மிளகைக் கூட்டினாள் மனைவி. அது பொருந்தியது. மீன் குழம்புக்கு வெர்டெல்லோ, பாட்டி சொன்னபடியே. அதில் விவாதமே இல்லை.

மூன்றாவதைத் தீபாவளிக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன். எங்கே வைத்தேன் என்று கேட்டவருக்கு: குளிர்பதனப் பெட்டிக்கு மேலே, ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால், பிள்ளைகள் கை படாத இடம்.

16 ஆகஸ்ட்

சுவான் வேலி எதற்கு, மார்கரெட் ரிவர் போங்கள் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒயினுக்கு அது பேர் பெற்ற இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெர்த்திலிருந்து 270 கிலோமீட்டர் தெற்கே, ஒரு வழிக்கே மூன்று மணி நேரம். மாமனார் மாமியாரோடு ஒரே நாளில் போய்த் திரும்புவது ஆகாத காரியம், இரண்டு இரவு தங்கினால் சரி.

அங்கே எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 1960களில் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் ஆய்வாளர் அந்த வட்டாரம் திராட்சைக்கு ஏற்றது என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு நிலம் வாங்கி ஓடியவர்கள் யார் தெரியுமா? டாக்டர்கள். 1967இல் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தைப் போட்ட டாம் கல்லிட்டி இதய மருத்துவர். 1969இல் மாஸ் வுட் போட்ட பில் பன்னெல் டாக்டர். 1971இல் கல்லன் தோட்டம், கெவின் கல்லனும் டாக்டர். என் பலதுறை மருந்தகத்து டாக்டர் அடுத்த முறை "குடிப்பீங்களா?" என்று முறைக்கும்போது இதை எடுத்துவிடப் போகிறேன்.

மாமியார் விஷயத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, மன்னியுங்கள். அவர் குடிக்கமாட்டார் என்பதால் கவலையில்லை, ஆனால் உங்கள் வீட்டில் வேறு சைவர்கள் குடிப்பதானால் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், சில இடத்தில் மீனின் காற்றுப்பை கூடப் போடுவார்கள். பெண்டோனைட் என்ற களிமண்ணைப் போட்டுத் தெளிய வைப்பவர்களும் உண்டு. குடும்பத் தோட்டத்தின் வசதியே இதுதான், போட்டவரே எதிரில் நிற்பார், கேட்டால் சொல்வார். மாமியாருக்கு அதே சாலையில் சாக்லேட் செய்யும் இடமும் தேன் கடையும் இருக்கின்றன. நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாமனார் திருகு மூடியைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று முகம் சுளிக்கலாம், என் அப்பா சுளித்தார். ஆஸ்திரேலியாவில் நல்ல ஒயினுக்கே திருகு மூடிதான். 2000இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலியில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் செய்பவர்கள் கூட்டாக மாறினார்கள், மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தக்கையில் பூஞ்சை வாடை அடிக்கும் தொல்லை இல்லை, திறக்கக் கருவியும் வேண்டாம்.

31 ஆகஸ்ட்

கிளம்பப் போகிறவருக்குக் கடைசியாக.

ஒரே வியாபாரியிடம் 300 டாலருக்கோ அதற்கு மேலோ வாங்கினால் விமான நிலையத்தில் வரியைத் திரும்பக் கேட்கலாம். வாங்கி 60 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒயினுக்கு அவர்களுடைய பொருள் சேவை வரியோடு ஒயினுக்கென்று இருக்கும் தனி வரியும் கிடைக்கும். போத்தலைப் பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு முன்பே காட்டிவிட வேண்டும், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எங்கள் பில் 174 டாலர், அதனால் கேள்வியே எழவில்லை. இதைப் படித்துவிட்டு 300ஐ எட்டுவதற்காகக் கூடுதலாக நான்கு போத்தல் வாங்காதீர்கள், இங்கே அதற்கு வரி கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு போத்தல் ஒண்ணேகால் கிலோ எடை வரும். லுங்கியில் சுற்றிப் பெட்டி நடுவில் வையுங்கள். குமிழ் உறையைவிட லுங்கி மேல்.

நேரம் நம் நேரம்தான், கடிகாரத்தைத் தொட வேண்டாம். செப்டம்பரில் மொட்டைக் குச்சியில் தளிர் விட்டிருக்கும். படத்துக்கு அது போதும்.

வாங்காமல் வரலாமா என்றுதானே கேட்டீர்கள்? வரலாம். கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம், யாரும் துரத்தமாட்டார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த இருவர் அப்படித்தான் போனார்கள், பாட்டி அவர்களுக்கும் அதே மாதிரிதான் கையசைத்தார். சேலைக்கடை என் தலைக்குள் இருந்தது.

21 செப்டம்பர்

கேள்வி கேட்ட தம்பி நேற்று தேக்கா சந்தைக் கோப்பிக்கடைக்கு வரச் சொன்னார். மாமனாரும் கூட. எந்தத் தோட்டம் என்று தனியாகக் கேட்டிருந்தார், தனியாகச் சொல்லியிருந்தேன்.

பெரியவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் போட்ட நிபந்தனையே வேறாம், வண்டியைத் தானே ஓட்டுவேன், மருமகன் குடிக்கட்டும். அதனால் எல்லாவற்றையும் முகர்ந்து மட்டும் பார்த்தாராம். ஏழு கிளாஸையும். கடைசிக் கிளாஸை முகர்ந்துவிட்டு, பினாங்கில் தன் அம்மா செய்யும் எள்ளுருண்டை என்று சொல்லியிருக்கிறார். மருமகனுக்கு அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை. பாட்டிக்கு முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டதாம். பெரியவர் தங்கும் விடுதியில் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அரைப் போத்தலைத் திறந்து குடித்திருக்கிறார்.

வெள்ளை இரண்டு, மஸ்கட் அரைப் போத்தல் இரண்டு. ஷிராஸ் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "பிடிக்கல, வாங்கல" என்றார் பெரியவர். தாத்தா நட்ட கொடிக் கதையைச் சொல்லவில்லையா? சொன்னாராம். "அதுக்குத்தான் காசு கட்டித் தோட்டத்தைப் பார்த்தோமே."

மீதமிருந்த அரைப் போத்தலை லுங்கி சுற்றியபடியே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். லுங்கியைத் திருப்பித் தர வேண்டுமாம்.

21 அக்டோபர்

நேற்று தீபாவளி. மூன்றாவது ஷிராஸ்.

அரை மணி நேரம் குளிர வைத்தேன், எல்லாம் முறைப்படி. ஊற்றினால் மிளகும் இல்லை, துவர்ப்பும் இல்லை. பழத்தைக் கொதிக்க விட்டு மறந்த மாதிரி, அடிப்பிடித்த ஜாம் வாசனை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர்பதனப் பெட்டி உள்ளே இழுக்கும் சூட்டையெல்லாம் வெளியேதானே விடும். இரண்டரை மாதத்துக்கு மேல் அதன் மேலேயே வைத்து மெல்ல வேக வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் நான் அந்த இடத்தைப் பெருமையாக எழுதியதைப் படித்துவிட்டும் ஒருவர்கூட எச்சரிக்கவில்லை. இந்த இழையில் 40 பேர் இருக்கிறீர்கள்!

குளிர்சாதன அறை இல்லாதவர்கள் வீட்டில் ஒயினைச் சேர்த்து வைக்க நினைக்காதீர்கள். வாங்கினால் குடித்துவிடுங்கள், இல்லையென்றால் குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே கீழ்த்தட்டில் கிடக்கட்டும்.

நண்பர் வந்திருந்தார். ஷிராஸை ஒரு வாய் வைத்துவிட்டு மேசையில் வைத்தார். வேறு வழியில்லாமல் மஸ்கட்டை எடுத்தேன். திறந்தபின் சில வாரம் தாங்கும், அதனால் நானும் மனைவியும் அதிரசத்தோடு சொட்டுச் சொட்டாகக் குடித்துப் பாதிக்குக் கொண்டுவந்திருந்தோம். பேர் சொல்லாமல் சின்னக் கிளாஸில் ஊற்றினேன்.

குடித்தார். கிளாஸை நீட்டினார். "இது என்னடா, இதை ஏன் முதலிலேயே எடுக்கவில்லை?"

22 அக்டோபர்

கேட்டவர்களுக்கு: இல்லை, அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லவில்லை. மிச்சம் நாலு சொட்டுதான் இருந்தது, சண்டை போட்டு வீணாக்க மனசில்லை.

லுங்கியை இந்த வாரம் திருப்பிக் கொடுக்கிறேன், தம்பி. துவைத்தாயிற்று.